விர்ச்சுவல் இம்பாக்டர் காற்றுத் துகள்களை எப்படிப் பிரிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்றின் தரத்தை அளப்பவர்கள், ஆய்வகத்தில் இந்தக் கருவியைச் சொந்தமாகச் செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள், மாதிரி எடுத்து ஃபில்டர் எடை போடுபவர்கள் ஆகியோருக்காக எழுதியது. எடுத்துக்காட்டாக, நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்று இழுத்து 2.5 மைக்ரானில் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிரிக்கும் சாம்ப்ளரையே, அதாவது மாதிரி எடுக்கும் கருவியையே, பெரும்பாலும் வைத்துக்கொள்கிறோம். உலகில் அதிகம் புழங்கிய வகை அதுதான்.

விர்ச்சுவல் இம்பாக்டர் என்றால் என்ன?

காற்றில் மிதக்கும் துகள்களைப் பெரியவை, சிறியவை என இரண்டு காற்றோட்டங்களாகப் பிரித்துத் தரும் கருவி. மூன்று மில்லிமீட்டர் போன்ற சிறு துளை வழியாகக் காற்று வேகமாகப் பாய்கிறது. இந்தத் துளைதான் நாசில். அதற்கு நேர் எதிரே, சற்றே அகலமான வாயுடன் ஒரு பெறுகுழாய் நிற்கிறது. உள்ளே வரும் காற்றில் ஏறக்குறைய 90% பெறுகுழாயின் வாயருகே பக்கவாட்டில் திரும்பி வெளியேறுகிறது. மீதி 10% மட்டும் மெதுவாகக் குழாய்க்குள் நேரே இழுக்கப்படுகிறது. முதலாவதைப் பக்க ஓட்டம் என்றும், இரண்டாவதை நேர் ஓட்டம் என்றும் இங்கே சொல்லுவோம். இரண்டின் பாதையிலும் ஆளுக்கொரு ஃபில்டர் இருக்கும். பெரிய துகள் (பெருந்துகள்) நேர் ஓட்ட ஃபில்டரிலும், சிறியது (நுண்துகள்) பக்க ஓட்ட ஃபில்டரிலும் சேரும்.

அதில் 'விர்ச்சுவல்' எது?

மோதும் பரப்பு. சாதாரண இம்பாக்டரில் நாசிலுக்கு எதிரே ஒரு தட்டு இருக்கும்; திரும்ப முடியாத துகள் அதில் மோதி ஒட்டிக்கொள்ளும். இங்கே தட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும் காற்றுதான் 'தட்டு'. துகள் அதற்குள் பாய்ந்து, வேகம் இழந்து, நேர் ஓட்டத்தோடு இறங்கிப் போகிறது. எதிலும் மோதாததால் காற்றில் மிதந்த நிலையிலேயே அடுத்த கருவிக்குப் போய்ச் சேருகிறது.

பெரிய துகள் ஏன் திரும்புவதில்லை?

நிலைமம்தான் காரணம். வளைவில் சைக்கிள் ஒடித்துத் திரும்பிவிடும். பாரம் ஏற்றிய லாரி கொஞ்ச தூரம் நேரே போய்த்தான் திரும்பும். அந்தக் 'கொஞ்ச தூரம்' எவ்வளவு என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. நாசிலிலிருந்து காற்று நொடிக்கு 37 மீட்டரில் வருவதாகக் கொள்வோம். துகளின் அடர்த்தி தண்ணீருக்குச் சமம் என்று வைத்தால், அசையாத காற்றில் அது நிற்பதற்குள் கடக்கும் தூரம் தோராயமாக இப்படி இருக்கும்:

0.5 மைக்ரான் துகள்: 0.04 மி.மீ.
2.5 மைக்ரான்: அரை மி.மீ.க்குச் சற்று மேல்
5 மைக்ரான்: சுமார் 2 மி.மீ.
10 மைக்ரான்: 6 மி.மீ.க்கு மேல்

நாசிலின் விட்டம் 3 மி.மீ. அதோடு ஒப்பிட்டால், 0.5 மைக்ரான் துகள் காற்று போகும் வழியெல்லாம் போகும், 10 மைக்ரான் துகளுக்குத் திரும்ப இடமே இல்லை என்பது தெரியும். நடுவில் 2.5 மைக்ரானில் பாதித் துகள் இப்பக்கம், பாதி அப்பக்கம் போகிறது. பாதிக்குப் பாதி பிரியும் அந்த விட்டத்தையே வெட்டு அளவு என்கிறோம்.

இங்கே சொல்லும் விட்டம் எல்லாம் காற்றியக்க விட்டம், அதாவது துகள் காற்றில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து வரும் அளவு. கனமான தாதுத் துகள் நுண்நோக்கியில் 1.6 மைக்ரானாகத் தெரிந்தாலும் இந்தக் கருவிக்கு அது 2.5 மைக்ரானாக இருக்கலாம்.

தட்டு இம்பாக்டரே போதாதா?

பல வேலைக்குப் போதும். உலர்ந்த மண்தூசி வந்தால்தான் சிக்கல். துகள் தட்டில் பட்டுத் துள்ளி, சிறிய துகள்களின் பக்கம் போய்விடும். அதைத் தடுக்கத் தட்டில் எண்ணெயோ கிரீஸோ பூசுவார்கள். பூசினால் அந்த மாதிரியில் கரிமப் பொருளை அளக்க முடியாது. தூசி அடுக்கடுக்காகப் படிந்தபின் எண்ணெய்க்கும் வேலையில்லை, புதுத் துகள் பழைய துகள்மேல் விழுந்து துள்ளும். அமெரிக்காவின் பி.எம். 2.5 முறையில் (2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களை அளக்கும் முறை) முதலில் வந்த எண்ணெய்க் கிண்ண இம்பாக்டரை 5 மாதிரி நாட்களுக்கு ஒருமுறை கழுவ வேண்டியிருந்ததே இதனால்தான்.

விர்ச்சுவல் இம்பாக்டரில் துள்ளல் இல்லை, தட்டு நிரம்புவதும் இல்லை, இரண்டு பகுதியும் கையில் கிடைக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை: வெட்டு சற்று மழுங்கலாக இருக்கும், பெருந்துகள் ஃபில்டரில் நுண்துகள் கொஞ்சம் கலந்தே வரும்.

2.5 மைக்ரானில் வெட்டுவது ஏன்?

நகரக் காற்றின் துகள்களை அளவுவாரியாக எடை போட்டால் இரண்டு மேடுகள் தெரியும். எரிதலிலும் வாயுக்கள் துகளாவதிலும் உண்டாகும் நுண்துகள் ஒரு மேடு. மண்தூசி, கடல் உப்பு, மகரந்தம், டயரும் பிரேக்கும் தேய்ந்த பொடி இன்னொரு மேடு. நடுவே 1 முதல் 3 மைக்ரான் வரை ஒரு பள்ளம். வெட்டு அந்தப் பள்ளத்தில் விழுவதால், 2.5 என்பது 2.6 ஆனாலும் எடையில் பெரிய வித்தியாசம் வராது. புழுதிக் காற்று அடிக்கும் நாளில் பெருந்துகள் மேடு பள்ளத்துக்குள் சரிந்துவிடும்; அன்று அதே 0.1 மைக்ரான் விலகல் எடையில் தெரியும்.

நாசில் அளவை எப்படிக் கணக்கிடுவது?

ஸ்டோக்ஸ் எண்ணை வைத்து. துகள் நிற்பதற்குள் கடக்கும் தூரத்தை நாசிலின் அளவோடு ஒப்பிடும் எண் இது. துகளின் அடர்த்தி, விட்டத்தின் வர்க்கம், காற்றின் வேகம், கன்னிங்ஹாம் வழுக்கல் திருத்தம் (மிகச் சிறிய துகளைக் காற்று சற்றுக் குறைவாகவே தடுப்பதற்கான திருத்தம்) ஆகிய நான்கையும் பெருக்குங்கள். அதைக் காற்றின் பாகியலின் 9 மடங்கையும் நாசில் விட்டத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். வட்ட நாசில் உள்ள தட்டு இம்பாக்டரில் வெட்டு 0.24க்கு அருகே நிகழும். விர்ச்சுவல் இம்பாக்டரில் அதைவிடக் கூடுதல். முதல் வடிவமைப்புக்கு 0.5 என்று வைத்துக்கொள்ளலாம்.

நிமிடத்துக்கு 16.7 லிட்டர், வெட்டு 2.5 மைக்ரான், வழுக்கல் திருத்தம் 1.07, பாகியல் 0.0000181 பாஸ்கல் நொடி. இவற்றைப் போட்டால் நாசில் விட்டம் சுமார் 3.1 மி.மீ., வேகம் நொடிக்கு 37 மீட்டர் என்று வரும். இவ்வளவு வேகத்துக்கும் நாசிலில் இழக்கும் அழுத்தம் 800 பாஸ்கல் அளவே. சிறு பம்பே இழுத்துவிடும்.

பெறுகுழாயின் வாய், நாசிலைப்போல் 1.3 முதல் 1.4 மடங்கு இருக்கட்டும், இங்கே 4.0 முதல் 4.3 மி.மீ. இரண்டுக்கும் இடைவெளி, நாசில் விட்டத்தைப்போல் ஒன்று முதல் இரண்டு மடங்குக்குள். பெறுகுழாயின் வாய் நாசிலைவிடச் சிறியதானால் தாரையின் ஓரத்தில் வரும் பெருந்துகள் எல்லாம் விளிம்பில் அடித்து அங்கேயே தங்கிவிடும்.

கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். வெட்டு அளவு, நாசில் விட்டத்தின் ஒன்றரை அடுக்கைப் பொறுத்து மாறும். துளையில் 0.1 மி.மீ. கூடினால் 2.5 மைக்ரான் 2.6ஐத் தாண்டும். ஆகவே டிரில் போட்டு விட்டுவிடக் கூடாது. ரீமர் போட்டு, பின் கேஜ் (துளையின் விட்டத்தைச் சரிபார்க்கும் துல்லிய ஊசி) வைத்து அளந்து பார்க்க வேண்டும்.

நேர் ஓட்டம் ஏன் 10%? இன்னும் குறைத்தால் நல்லதுதானே?

குறைத்தால் நுண்துகள் கலப்பு குறையும், உண்மைதான். ஆனால் வெட்டு அளவு மேலே ஏறும், விளிம்பில் படியும் இழப்பும் கூடும். 5%க்குக் கீழே போனால் பெறுகுழாய்க்குள் நுழைந்த துகளையே முழுதாக வெளியே கொண்டுவர முடியாமல் குழாய்ச் சுவரில் விட்டுவிடும். 20%க்குப் போனால் வெட்டு இறங்கும், கலப்பு இரட்டிப்பாகும். 10% என்பது அனுபவத்தில் நிலைத்த சமரசம். 16.7 லிட்டர் சாம்ப்ளரில் இது நேர் ஓட்டம் 1.67, பக்க ஓட்டம் 15.0 லிட்டர்.

பெருந்துகள் ஃபில்டரில் நுண்துகள் எப்படி வருகிறது? எப்படித் திருத்துவது?

நாசிலின் நடுவே வரும் 10% காற்று திரும்பாமல் நேரே குழாய்க்குள் போகிறது. அதில் இருக்கும் நுண்துகளும் கூடவே போகும். இது கருவியின் கோளாறு அல்ல, அதன் இயல்பு, திருத்தம் கட்டாயம்.

24 மணி நேரக் கணக்கு ஒன்று. மொத்தக் காற்று 24 கன மீட்டர். பக்க ஓட்டம் 21.6, நேர் ஓட்டம் 2.4. நுண்துகள் ஃபில்டரில் 864 மைக்ரோகிராம், பெருந்துகள் ஃபில்டரில் 816 மைக்ரோகிராம் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம்.

முதலில் நுண்துகள் செறிவு: 864ஐ 21.6ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம்.
அடுத்து, பெருந்துகள் ஃபில்டரில் கலந்த நுண்துகள்: 40ஐ 2.4ஆல் பெருக்கினால் 96 மைக்ரோகிராம்.
அதைக் கழித்தால் உண்மையான பெருந்துகள் 720 மைக்ரோகிராம்.
இதை மொத்தக் காற்றான 24ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம்.

கடைசி வரியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அந்த ஃபில்டர் வழியே போனது 2.4 கன மீட்டர்தானே என்று 2.4ஆல் வகுத்தால் 300 வரும், பத்து மடங்கு பிழை. பெருந்துகள் வந்து சேர்ந்தது 24 கன மீட்டர் காற்றிலிருந்தும். காற்று மட்டும்தான் வேறு வழியில் போனது.

திருத்தத்தை விட்டுவிட்டால் இந்த எடுத்துக்காட்டில் 34 வரும், சிறு பிழை போலத் தோன்றும். நுண்துகள் 200 ஆக இருக்கும் புகை மண்டிய குளிர்கால நாளை எடுங்கள்: கலப்பு மட்டும் 480 மைக்ரோகிராம். பெருந்துகள் அதே 720 என்றால் அந்த ஃபில்டரின் எடையில் 40% அதற்குச் சொந்தமானதே அல்ல. வேதிப் பகுப்பாய்விலும் ஒவ்வொரு தனிமத்துக்கும் இதே திருத்தத்தைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அமிலத் தன்மையுள்ள சல்பேட் நுண்துகள், காரத் தன்மையுள்ள மண்தூசியோடு ஒரே ஃபில்டரில் இருந்தால் வினை நடந்துவிடும். அதை எந்தக் கழித்தலாலும் சரிசெய்ய முடியாது.

இந்தக் கலப்பை முழுவதும் ஒழிக்க வழியே இல்லையா?

இருக்கிறது. நாசிலின் நடுவில் ஃபில்டர் செய்த சுத்தமான காற்றை ஒரு மெல்லிய தாரையாக விட்டு, மாதிரிக் காற்றை அதைச் சுற்றி உறைபோல அனுப்புவது. நேர் ஓட்டத்துக்குள் போவது அந்தச் சுத்தமான நடுத்தாரை மட்டுமே. பெருந்துகள் உறையிலிருந்து தாண்டி உள்ளே வரும். 1970களின் இறுதியிலேயே வந்த யோசனை இது. ஆய்வகத்தில் அருமையாக வேலை செய்யும். வெளியே மாடியில் மாதக்கணக்கில் ஓட, இன்னொரு ஓட்டத்தையும் சமநிலையில் வைத்திருக்க வேண்டும் என்பதால், எடை மட்டும் வேண்டுமென்றால் எளிய கருவியும் கணக்குத் திருத்தமுமே மேல்.

பொருத்தும்போது எதில் அதிகக் கவனம் வேண்டும்?

நாசிலும் பெறுகுழாயும் ஒரே நேர்கோட்டில் இருப்பதில். 3 மி.மீ. நாசிலுக்கு 0.05 மி.மீ.க்குள் மையம் பொருந்தப் பாருங்கள். பெறுகுழாய் ஒரு பக்கம் தள்ளி இருந்தால், வெட்டு அளவுக்கு அருகிலுள்ள துகள்கள் எதிர் விளிம்பில் மோதிப் படியும். அந்தப் படிவு எந்த ஃபில்டரிலும் வராது, கணக்கிலிருந்தே காணாமல் போகும்.

கழற்றும்போது பெறுகுழாயின் வாயை லூப்பில் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) பாருங்கள். மையம் சரியாக இருந்தால் விளிம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே தடிமனில் மெல்லிய சாம்பல் வளையம் இருக்கும். பிறைபோல ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் மையம் விலகியிருக்கிறது. விலை உயர்ந்த எந்தச் சோதனையையும்விட இந்தப் பிறை வேகமாக உண்மையைச் சொல்லிவிடும்.

எப்படிச் சுத்தம் செய்வது?

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடையுங்கள். ஒட்டிய படிவுக்கு அல்ட்ராசோனிக் தொட்டி. கம்பி, ஊசி, உலோக பிரஷ் எதுவும் நாசிலுக்குள் போகக் கூடாது. விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலே அங்கே தூசி பிடிக்கத் தொடங்கும். ஓ-ரிங்குகளுக்கு வாக்குவம் கிரீஸ் மிக மெல்லியதாக. வழிந்து காற்றுப்பாதைக்கு வந்தால் அது துகள் பிடிக்கும் பசை. மண்தூசி அதிகமுள்ள இடத்தில் மாதம் ஒருமுறை என்று தொடங்கி, வளையத்தின் தடிமனைப் பார்த்து இடைவெளியை மாற்றிக்கொள்ளுங்கள்.

கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

நுழைவாயை மூடி, வெற்றிடம் இழுத்து, வால்வை அடைத்துவிட்டு அழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பது முதல் சோதனை. அது மட்டும் போதாது. நுழைவாயில் ஃப்ளோ மீட்டர் வைத்து 16.7 வருகிறதா என்று பாருங்கள். பிறகு நேர் ஓட்டத்தையும் பக்க ஓட்டத்தையும் தனித்தனியாக அளந்து கூட்டுங்கள். கூட்டுத்தொகை நுழைவாய் அளவைவிடக் கூடுதலாக வந்தால், நடுவில் எங்கோ வெளிக்காற்று உள்ளே வருகிறது.

மோசமான கசிவு நேர் ஓட்டக் குழாயில் வருவது. ஃபில்டர் கேசட் சரியாக அமராவிட்டால் பம்ப் பக்கம் மீட்டர் 1.67 என்றே காட்டும்; பெறுகுழாயின் வாயில் 1.2தான் நுழைந்துகொண்டிருக்கும். வெட்டு மேலே போகும், குழாய்க்குள் படிவு கூடும், பெருந்துகள் எண் குறைந்து வரும். திரையில் எல்லாம் சரியாகத் தெரிவதால் மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல் போவதுண்டு.

மொத்த ஓட்டம் கொஞ்சம் குறைந்தால் என்ன ஆகும்?

வெட்டு அளவு, ஓட்டத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். 16.7லிருந்து 15க்கு இறங்கினால் 2.5 மைக்ரான் ஏறத்தாழ 2.64 ஆகும். சாம்ப்ளரின் மேலே உள்ள பி.எம். 10 நுழைவாயும் (10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களை முதலிலேயே விலக்கும் பகுதி) 16.7க்காக வடிவமைத்ததே, அதன் வெட்டும் சேர்ந்து நகரும்.

மலைப்பகுதியில் வைக்கலாமா?

வைக்கலாம், ஓட்டத்தைக் கன அளவில் கட்டுப்படுத்த வேண்டும், நிறை அளவில் அல்ல. மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல். கடல்மட்டத்து லிட்டரில் 16.7 என்று நிறைக் கட்டுப்பாட்டியை அமைத்தால் உண்மையில் நாசில் வழியே நிமிடத்துக்கு 22 லிட்டர் பாயும், வெட்டு 2.2 மைக்ரானுக்கு இறங்கிவிடும். துகளுக்குத் தெரிவது வேகம் மட்டுமே.

அளவுத்திருத்தம் செய்வது எப்படி?

ஒரே அளவுள்ள துகள்கள் தேவை. பாலிஸ்டைரீன் லேட்டக்ஸ் உருண்டைகள், அல்லது அதிர்துளை உற்பத்திக் கருவியில் (அதிரும் துளை வழியே ஒரே அளவுத் துளிகளை உண்டாக்குவது) செய்த ஒலியிக் அமிலத் துளிகள், அவற்றில் ஒளிரும் சாயம் கலந்து. 1 முதல் 5 மைக்ரானுக்குள் குறைந்தது ஏழெட்டு அளவுகளில் சோதியுங்கள்; 2 முதல் 3க்குள் நெருக்கமாக. ஒவ்வொரு அளவிலும் மூன்றை அளக்க வேண்டும்: நேர் ஓட்ட ஃபில்டர், பக்க ஓட்ட ஃபில்டர், பாகங்களைக் கழுவி எடுத்த சுவர்ப் படிவு. நேர் ஓட்டப் பங்கை இரண்டு ஃபில்டர்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பிரிப்புத் திறன். சுவர்ப் படிவை மூன்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் இழப்பு.

வரைபடத்தில் சிறிய துகள் பக்கம் கோடு சுழியத்தைத் தொடாது, 10%இல் படுத்துக்கொள்ளும். அதுதான் நேர் ஓட்டத்தின் பங்கு. அங்கே 15% வந்தால் ஓட்டப் பிரிவு தவறு. இழப்பு வெட்டு அளவுக்கு அருகே உச்சம் காட்டும். திரவத் துளி பட்ட இடத்தில் ஒட்டுவதால் இழப்பை முழுதாகக் காட்டும். உருண்டைகளை மட்டும் வைத்துச் சோதித்தால் சுவரில் பட்டுத் துள்ளித் தப்பியவை இழப்பைக் குறைத்துக் காட்டும். லேட்டக்ஸின் அடர்த்தி 1.05 என்பதால் 2.50 மைக்ரான் உருண்டையைக் காற்றியக்க விட்டத்தில் 2.56 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டர்களைக் கையாள்வதில் தனி எச்சரிக்கை உண்டா?

பெருந்துகள் ஃபில்டருக்கு உண்டு. உலர்ந்த பெரிய துகள்கள் டெஃப்லான் படலத்தின்மேல் சும்மா உட்கார்ந்திருப்பவை. தட்டினால், கவிழ்த்தால், கூரியரில் குலுங்கினால் உதிரும். கேசட்டோடு, மேல்பக்கம் மேலாகவே எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் மாதிரி எடுத்த ஊரிலேயே எடை போடுங்கள். பெட்டியின் மூடியில் பொடி தெரிந்தால் அந்த மாதிரியைச் செல்லாததாகக் குறிப்பதே நேர்மை. எடைக்கு முன் 20 முதல் 23 டிகிரி செல்சியஸ், 30 முதல் 40% ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். தராசு 1 மைக்ரோகிராம் வரை காட்ட வேண்டும்.

பி.எம். 10 கருவி ஒன்று, பி.எம். 2.5 கருவி ஒன்று வைத்துக் கழித்தால் பெருந்துகள் கிடைத்துவிடாதா?

கிடைக்கும். அமெரிக்காவில் 2006இல் வகுத்த, பெருந்துகளை அளக்கும் அதிகாரபூர்வ முறை கழித்தலே. இந்தியாவின் 2009 தர அளவுகளிலும் பி.எம். 10க்கும் பி.எம். 2.5க்கும்தான் வரம்பு, இடைப்பட்ட பகுதிக்குத் தனி வரம்பு இல்லை. ஆனால் கழித்தலில் இரண்டு கருவியின் பிழையும் ஒரே எண்ணில் வந்து சேரும். புகை அதிகமான நாளில் விடை எதிர்க்குறியாகக்கூட வரும். பெருந்துகளில் என்னென்ன தனிமம் இருக்கிறது என்பது வேண்டுமென்றால் அதைத் தனி ஃபில்டரில் பிடித்தே ஆக வேண்டும்.

துகள்களைச் செறிவாக்கவும் இதைப் பயன்படுத்துவார்களாமே?

ஆம். 10% காற்றில் எல்லாப் பெருந்துகளும் வந்து சேர்வதால் அங்கே செறிவு கிட்டத்தட்ட 10 மடங்கு. இழப்பு போக எட்டு, ஒன்பது மடங்கு. நுண்துகளுக்கு ஒரு தந்திரம் உண்டு: காற்றை நீராவியால் நிறைத்துக் குளிர்வித்தால் ஒவ்வொரு நுண்துகளின்மேலும் நீர் படிந்து 2, 3 மைக்ரான் துளியாக வளரும். அதை 1.5 மைக்ரான் வெட்டுள்ள விர்ச்சுவல் இம்பாக்டரில் செறிவாக்கி, பிறகு உலர்த்தினால் பழைய அளவுக்கே திரும்பும். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான செறிவூட்டிகள் இப்படி இயங்குபவை. நச்சியல் ஆய்வுகளுக்குப் பயன்படுகின்றன.

எதிரோட்ட வகை என்பது என்ன?

பெறுகுழாயிலிருந்து உள்ளே இழுப்பதற்குப் பதிலாக, அதன் நுனியிலிருந்து உலர்ந்த காற்றை வெளிப்புறமாகத் தள்ளுவது. அந்த எதிர்க்காற்றைத் துளைத்துக்கொண்டு உள்ளே வர மேகத்துளி போன்ற பெரியவற்றால் மட்டுமே முடியும். நுண்துகளும் வெளிக்காற்றும் முற்றிலும் விலக்கப்படும். உள்ளே வந்த துளி உலர்ந்தபின் எஞ்சும் துகள்தான் அந்த மேகத்துளி எதன்மேல் உருவானது என்பதைச் சொல்லும். விமானத்தில் பொருத்தினால் விமானத்தின் வேகமே நாசிலின் வேலையைச் செய்துவிடும். 1980களிலிருந்து மேக ஆய்வில் இருக்கிறது.

3டி பிரிண்டரில் செய்யலாமா?

கூடு, இணைப்புகள் எல்லாவற்றையும் தாராளமாக அச்சிடலாம். நாசிலையும் பெறுகுழாயின் வாயையும் மட்டும் பித்தளையிலோ அலுமினியத்திலோ கடைந்து உள்ளே பொருத்துங்கள். அச்சின் அடுக்கு வரிகள் அந்த இடத்தில் தூசி பிடிக்கும். பிளாஸ்டிக்கில் நிலைமின்னேற்றம் தங்கி, அளவுக்குச் சம்பந்தமில்லாமல் துகளை இழுக்கும். உலோகப் பாகங்களைப் புவியிணைப்பு செய்துவிட்டு, இரண்டையும் ஒரே கடைசல் அமைப்பில் செய்த ஒரு வழிகாட்டித் தண்டில் செருகி மையம் பார்த்தபின் ஒட்டுங்கள். ஒட்டியது உலர்ந்ததும் தண்டு தடையின்றி உருவி வர வேண்டும்.